பதினைந்து அடி பின்னால்

ஜூலை 3

டிரைவருக்கு,

நீ போய்ப் பதினோரு நாள் ஆகிறது. நாள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்காதே. பால்காரர் வழக்கம்போல இரண்டு பாக்கெட் போடுகிறார், தினமும் ஒன்று மிஞ்சுகிறது. அதில் தெரிந்தது.

உன் இரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். இதோடு அனுப்புகிறேன். அக்கறை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அலமாரியில் இடத்தை அடைக்கிறது.

போனில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். போனில் நீ சிரிப்பாய். நீ சிரித்தால் நான் பாதியில் நின்றுவிடுவேன். இருபத்தேழு வருடமாக இப்படித்தான் ஒவ்வொரு சண்டையிலும் நீ ஜெயித்திருக்கிறாய். எழுத்தில் சிரிப்புச் சத்தம் கேட்காது. சொல்ல வந்ததை நான் முழுதாகச் சொல்லிவிடுவேன்.

முதலில் ஒன்று. நான் உன்னை வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. "வாடகை ஒப்பந்தம் யார் பேர்ல இருக்குன்னு ஞாபகம் வச்சுக்க" என்று மட்டும்தான் சொன்னேன். அது ஒரு தகவல். அதற்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ரயில் ஏறுகிறவனை நான் என்ன செய்வது?

இரண்டாவது, அந்த வானவில் பேரணி. துண்டுச்சீட்டைக் கொண்டுவந்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தபோதே வேண்டாம் என்றேன். அறுபது வயதில் கன்னத்தில் சாயம் பூசிக்கொண்டு நடுரோட்டில் நடந்து யாருக்கு என்ன நிரூபிக்கப் போகிறாய்? நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் நாலு புத்தகத்தை நானாகப் படித்தவன். ஒருவன் தன் வீட்டுக் கதவுக்குள் எப்படி இருக்கிறான் என்பதைக் கொட்டடித்துச் சொல்ல வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. நீ கேட்கவில்லை. தனியாகப் போனாய். சரி, போனது உன் இஷ்டம்.

ஆனால் தபால் ஆபீஸ் முனையிலிருந்து பூங்கா வாசல்வரை ஒரு பச்சைச் சட்டைக்காரன் உன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தானே, அவன் யார்? இதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

வீட்டுக்காரம்மா நேற்று மாடிப்படியில் நிறுத்தி, "மாப்பிள்ளை எங்க, ரெண்டு வாரமா காணோம்?" என்று கேட்டார்கள். அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாய் என்றேன். "பாவம், உங்க தங்கச்சி நெனப்பு வந்திருக்கும்" என்றார்கள். ஆமாம் என்றேன். உனக்காக இன்னும் பொய் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன் என்பது தெரியட்டும்.

இப்படிக்கு,
வாடகை ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவன்


ஜூலை 9

அன்புள்ள மச்சான்,

மாத்திரை வந்தது. அதோடு என் மூக்குக்கண்ணாடித் துணி, முழங்கால் தைலம், நான் பாதி படித்துவிட்டு வைத்த பத்திரிகை எல்லாம் வந்தன. அலமாரி இப்போது காலியாகக் காற்றோட்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தத் தகவலை நீங்கள் சொல்லும்போது உங்கள் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பேரணி முடிந்து சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். உங்களிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று படியை இரண்டிரண்டாக ஏறி வந்தேன், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு. மூன்று நாள் நீங்கள் வாயைத் திறக்கவில்லை. திறந்தபோது வாடகை ஒப்பந்தம் வந்தது.

அன்றைக்குச் சொல்ல விடாததை இப்போது சொல்கிறேன். படித்துத்தான் ஆக வேண்டும், எழுத்தில் நீங்கள் அறையை விட்டுப் போக முடியாது.

இருபத்தெட்டு வருடம் அந்தச் சாலையில் பஸ் ஓட்டியிருக்கிறேன். ஊர்வலம் என்று எது வந்தாலும் ஹாரனில் கையை வைத்துக்கொண்டு திட்டியிருக்கிறேன், உங்களுக்கே தெரியும். அன்றைக்கு அதே சாலையின் நட்ட நடுவில், வெள்ளைக் கோட்டின் மேல் நடந்தேன். பின்னால் ஒரு பஸ் நின்று ஹாரன் அடித்தது. யாரோ ஒரு புது டிரைவர். பாவம், நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவன். திரும்பி அவனுக்குக் கை காட்டினேன். என்ன நினைத்தானோ, சிரித்துவிட்டு ஹாரனை நிறுத்தினான்.

ஐந்நூறு பேர் இருக்கும். பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். முதல் கால் மணி நேரம் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓரமாகத்தான் நடந்தேன். தெரிந்தவன் எவனாவது பார்த்துவிடுவான் என்று பயம். பிறகு ஒரு பெண் வந்து, "ஐயா, நீங்க எங்களோடவா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். அவ்வளவுதான். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டேன்.

பச்சைச் சட்டைக்காரர் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். வயது முப்பத்தெட்டு. கையைப் பிடித்தது உண்மைதான். அது எப்படி நடந்தது என்று சொல்வதற்கு முன்னால் நான் ஒன்று கேட்க வேண்டும். நான் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. பத்திரிகையில் வந்த படத்தில் நான் இல்லை. தபால் ஆபீஸ் முனை, பூங்கா வாசல் என்று நிறுத்தம் நிறுத்தமாக எழுதுகிறீர்களே, யார் சொன்னது?

உங்கள்
வண்டியோட்டி


ஜூலை 14

டிரைவருக்கு,

யார் சொன்னால் என்ன? பல் செட் செய்கிற எங்கள் லேபுக்கு வருகிற கூரியர்காரன் அந்தப் பக்கமாகப் போயிருக்கிறான், பார்த்திருக்கிறான், சொன்னான். ஊரில் எல்லோருக்கும் கண் இருக்கிறது.

முப்பத்தெட்டு வயது. மருந்துக்கடை. நான் கேட்காமலே வயதும் தொழிலும் வருகின்றன. அவனுடைய பிறந்த நட்சத்திரத்தையும் கேட்டு எழுது.

முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி நுழைகிற அளவு சந்து இருக்கிறது அவனுக்கு. சிரிக்கிறபோது உதட்டை அந்தப் பக்கமாக இழுத்து மறைக்கிறான். வலது பக்கக் கடைவாயில் ஒரு பல் இல்லை. மருந்துக்கடையில் இருந்துகொண்டு தன் வாயைக் கவனிக்காத ஆள். அப்படிப்பட்டவனோடு உனக்கு என்ன சிரிப்பு? நீ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாயாம். வீட்டில் நீ அப்படிச் சிரித்துப் பல வருடம் ஆகிறது.

நான் சந்தேகப் பிராணி என்று சொல்வாய். சொல்லிக்கொள். ஏழாம் நம்பர் வண்டியில் உன்னோடு ஓடின கண்டக்டர் தினமும் உன் டிபன் பாக்ஸிலிருந்து எடுத்துச் சாப்பிடுவான். அதில் இருந்தது நான் விடியற்காலையில் எழுந்து செய்தது. "அவனுக்கு உங்க கைப்பக்குவம் பிடிச்சிருக்கு" என்று சொல்லிச் சிரித்தாய். இரண்டு வருடம் நான் இன்னொருத்தனுக்குச் சமைத்திருக்கிறேன்.

அதையாவது விடு, அவன் உயிரோடு இருக்கிற ஆள். நம் தங்கச்சி கதை? இந்த வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரம்மாவிடம், "இவர் என் மாப்பிள்ளை, தங்கச்சி தவறிட்டா" என்று சொன்னது நான்தான். இரண்டு ஆம்பிளைகளுக்கு ஒரு வீடு வேண்டும், அதற்கு ஒரு செத்துப்போன பெண் தேவைப்பட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தம்மா, "எப்படி இருப்பா?" என்று உன்னிடம் கேட்டார்கள். நீ படியில் சாய்ந்து நின்றுகொண்டு, "சிரிச்சா கன்னத்துல குழி விழும்மா. கோபம் வந்தா மூணு நாள் பேச மாட்டா. பாத்திரம் கழுவுறப்ப தனக்குத்தானே முணுமுணுத்துக்குவா" என்று சொன்னாய். சொல்லும்போது உன் குரல் இறங்கியது. கண் கலங்கியது. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். யார் அந்தக் குழி விழுந்த கன்னம்? அப்போது ஒரு வாரம் நான் தூங்கவில்லை. பத்தொன்பது வருடமாகியும் உன்னிடம் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

வீட்டுக்காரம்மா இன்றைக்கும் உன்னைக் கேட்டார்கள். சமையலறைக் குழாய் சொட்டுகிறது. நானே சரி செய்துகொள்வேன்.

இப்படிக்கு,
மேல்மாடியில் இருப்பவன்


ஜூலை 20

மச்சான்,

உலகத்தில் எந்தக் கூரியர்காரனும் ஒரு ஆளின் கடைவாய்ப் பல்லைப் பார்த்துவிட்டு வந்து சொல்ல மாட்டான்.

நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

கடிதத்தைப் படித்துவிட்டு அரை மணி நேரம் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்து, "என்னடா, யாராவது போய்ட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை, ஒருத்தர் வந்திருக்கிறார் என்றேன்.

இப்போது அந்தக் கை எப்படி நடந்தது என்று கேளுங்கள்.

நாம் வெளியே போகிற முறை உங்களுக்கு நினைவிருக்கும், நீங்கள் போட்ட சட்டம்தானே. நான் முன்னால், நீங்கள் பதினைந்து அடி பின்னால். சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு, சினிமாவுக்கு, எங்கே போனாலும். நான் திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் எப்படி நடந்தேன் என்று நினைக்கிறீர்கள்? கடைகளின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். நகைக்கடை, துணிக்கடை, சலூன், ஒவ்வொன்றிலும் நீங்கள் வருவது தெரியும். வண்டி ஓட்டுகிறவனுக்குக் கண்ணாடியில் பின்னால் பார்ப்பது பழக்கம். கையில் பையோடு, எதையோ முறைத்துக்கொண்டு, என் பின்னால் நீங்கள். அப்படிப் பார்த்தபடியே நான் உங்களோடு இருபத்தேழு வருடம் நடந்திருக்கிறேன். எனக்கு அது போதும் என்றுதான் இருந்தேன்.

அன்றைக்குப் பேரணி போன வழியில் தபால் ஆபீஸ் தாண்டி எல்லாக் கடைக்காரர்களும் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். கலாட்டா ஆகும் என்று பயம். கண்ணாடியே இல்லை. நீங்கள் வர மாட்டேன் என்று சொன்னவர். வர மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் கொட்டுச் சத்தத்துக்கு நடுவில், பின்னால் நீங்கள் வந்தால் என்ன என்று தோன்றியது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து நீங்கள் இல்லை என்றால் அந்த நாளே போய்விடும். அதனால் கையை மட்டும் பின்னால் நீட்டினேன். நடந்துகொண்டே, இந்த வலது கையை. பைத்தியக்காரத்தனம்தான்.

அதை அந்த மருந்துக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார். "பாத்து வாங்க பெரியவரே, தடுமாறுதா?" என்றார். கிழவன் விழப் போகிறான், பிடிமானத்துக்குக் கையை நீட்டுகிறான் என்று நினைத்திருக்கிறார். இதுதான் உங்கள் பச்சைச் சட்டைக் காதல் கதை. விஷயத்தைச் சொன்னேன். அதற்குத்தான் இரண்டு பேரும் சிரித்தோம்.

கையை ஏன் எடுக்கவில்லை என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். பொய் சொல்ல மாட்டேன். நன்றாக இருந்தது. பட்டப்பகலில், தெருவில், ஒரு மனிதக் கை. அது உங்கள் கையாக இருந்திருக்க வேண்டும், பதினைந்து அடி தள்ளி இருந்திருக்கிறது.

குழி விழுந்த கன்னம் யார் என்று கேட்டீர்கள். கோபம் வந்தால் மூன்று நாள் பேசாமல் இருப்பதும், பாத்திரம் கழுவும்போது முணுமுணுப்பதும் நம் வீட்டில் யார்? கன்னக்குழி ஒன்றுதான் பொய். எல்லாவற்றையும் அப்படியே சொன்னால் அந்தம்மா கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அதை மட்டும் சேர்த்தேன்.

அக்காவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வந்து, "என்னைக் கேக்காம ஒருத்தியக் கட்டிக்கிட்டு, கேக்காமலே அவளக் கொன்னும் போட்டிருக்க. பத்தொம்பது வருஷமா எனக்குத் தெரியாம நான் ஒரு நாத்தனாரா?" என்றாள். அவ்வளவுதான் சண்டை. மறுபடி அதைப் பற்றிக் கேட்கவில்லை. உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத பண்டம் என்னென்ன என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டாள்.

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். பேரணிக்கு வாருங்கள் என்று கேட்கவில்லை. அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள். இனிமேல் நான் அவளுடைய புருஷனாக அந்தப் படியேற மாட்டேன். வீட்டுக்காரம்மாவிடம் நீங்களே சொல்ல வேண்டும். பொய்யை ஆரம்பித்தவர் நீங்கள். சொன்னால் வருகிறேன்.

உங்கள்
வண்டியோட்டி


ஆகஸ்ட் 2

டிரைவருக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. லேபில் வேலை அதிகம் என்று எழுதி, அதைக் கிழித்துவிட்டேன். வேலை எப்போதும் போலத்தான்.

வந்தேன். எதிர்ப்பக்க நடைபாதையில், லேப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, டெலிவரிக்குப் போகிறவன் மாதிரி வந்தேன். உனக்குத் தலைசுற்றல் உண்டு, வெயிலில் விழுந்துவைப்பாய் என்று வந்தேன். வேறு காரணம் தேடாதே. பதினைந்து அடிதான். உன்னிடம் கேட்ட அதே பெண்தான் என்று நினைக்கிறேன், கையில் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்து, "ஐயா, கூட வந்திருக்கீங்களா, வேடிக்கை பாக்க வந்தீங்களா?" என்று கேட்டது. வேடிக்கை என்றேன். "பரவால்ல, தண்ணி குடிங்க" என்று கொடுத்துவிட்டுப் போனது. நிமிர்ந்தேன். உன் கையில் அவன் கை இருந்தது.

நீ கை நீட்டியதை நான் பார்க்கவில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். இதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு முறை திரும்பிப் பார்த்திருக்கலாம். சட்டம் போட்டது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். மற்ற எல்லாச் சட்டத்தையும் மீறுகிறவன் இதை மட்டும் எதற்குக் கட்டிக்காத்தாய்?

சட்டம் ஏன் வந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. பழைய லேபை நான் முதலாளியோடு சண்டை போட்டு விட்டதாக உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். பழக ஆரம்பித்த புதிதில் ஒரு மழை நாளில் பஸ் நிறுத்தத்தில் நாம் ஒரே குடையில் நின்று எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தோம். லேபில் ஒருத்தன் பார்த்திருக்கிறான். மறுநாள் காலையில் என் மேசையில் இரண்டு பிளாஸ்டர் அச்சு இருந்தது. பல் செட் செய்கிறபோது மேல்தாடை ஒன்று, கீழ்த்தாடை ஒன்று வைத்துக் கடி சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம் அல்லவா? என் மேசையில் இருந்தது இரண்டும் மேல்தாடை. வாயோடு வாய் வைத்து, சிவப்பு ரிப்பனால் கட்டியிருந்தார்கள். என்னைத் தவிர எட்டுப் பேர் வேலை பார்க்கிற இடம். எட்டுப் பேரும் அவரவர் மெழுகைச் சூடாக்கிக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின. ரிப்பனை அவிழ்த்தேன். இரண்டு அச்சையும் அதனதன் இடத்தில் வைத்தேன். அன்றைய வேலையை முடித்தேன். வாரக்கடைசியில் என்னை நிறுத்திவிட்டார்கள்.

உன்னிடம் சொல்லியிருந்தால் நீ போய்ச் சண்டை போட்டிருப்பாய். உன் டிப்போவுக்கும் அந்த ரிப்பன் வந்திருக்கும். அதனால் பதினைந்து அடி. நான் அதை அளந்துதான் வைத்தேன். ஒருத்தன் பார்த்தால் இரண்டு தனி ஆள் என்று நினைக்க வேண்டும். நீ விழுந்தால் நான் ஓடி வந்து பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் சரியாக வரும் தூரம் அதுதான்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். முடியாது. எனக்கு அறுபத்து நான்கு வயது. அந்தம்மா முன்னால் நின்று அதைச் சொல்ல என்னிடம் வாய் இல்லை. பிறத்தியார் வாயைத்தான் நான் சரி செய்துகொண்டிருக்கிறேன். நீ வா. எல்லாம் பழையபடி இருக்கட்டும். பழையபடி இருந்ததில் உனக்கு என்ன குறை?

இப்படிக்கு,
நான்தான்


ஆகஸ்ட் 8

மச்சான்,

அந்த ரிப்பனைப் பற்றிப் படித்ததும் அந்த எட்டுப் பேரையும் இன்றைக்குத் தேடிப்போனால் என்ன என்று இருந்தது. உங்கள் கணக்கு சரிதான், அப்போது தெரிந்திருந்தால் நான் போயிருப்பேன். அதை இத்தனை வருடம் தனியாக வைத்துக்கொண்டிருந்ததற்காக உங்கள்மேல் கோபமும் வருகிறது, அந்தக் கோபம் நிற்கவும் மாட்டேன் என்கிறது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். இதுவரை உங்களை நீங்கள் என்று தவிர எழுதியதும் இல்லை, பேசியதும் இல்லை. இந்த ஒரு தடவை மட்டும்.

எனக்கு என்ன குறை என்று கேட்டாய். பத்தொன்பது வருடம் பெண்டாட்டி செத்தவனாக நடித்தேன். நீ உள்ளே சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டிருப்பாய், நான் வெளியே நின்று அந்தம்மாவின் ஆறுதலை வாங்கிக்கொண்டிருப்பேன். நாளைக்கு நிஜமாகவே உனக்கு ஏதாவது ஆகிவிட்டால், மச்சான் போனதற்கு ஒருத்தன் எவ்வளவு அழலாமோ அவ்வளவுதான் என்னை அழ விடுவார்கள். அதுதான் குறை.

இங்கே பள்ளிக்கூட வேன் ஓட்ட ஆள் கேட்டார்கள். செப்டம்பர் ஒன்றாம் தேதி சேருகிறேன். அக்கா வீட்டு மாடியில் ஒரு அறை காலியாகத்தான் இருக்கிறது. என் துணிகளைப் பார்சலில் அனுப்புங்கள். சிவப்புப் போர்வையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், குளிர்காலத்தில் உங்களுக்கு நெஞ்சு பிடிக்கும்.

மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். "உங்க ஆளு சமாதானமாகிட்டாரா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

வண்டியோட்டி


ஆகஸ்ட் 19

டிரைவருக்கு,

துணியை அனுப்பவில்லை. காரணம் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் படி.

அட்டைப்பெட்டி வாங்கி வந்து உன் சட்டைகளை மடித்து அடுக்கினேன். எல்லாவற்றையும் மடிக்கத் தெரியாமல்தான் இத்தனை வருடம் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியைக் கட்டிக் கீழே இறக்கினேன். வீட்டுக்காரம்மா படிக்கட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"மாப்பிள்ளை துணியா? மொத்தமா அனுப்புறீங்களா?" என்றார்கள்.

ஆமாம் என்றேன்.

அந்தம்மா முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அங்கேயே அமைஞ்சிடுச்சா? நான் அப்பவே நெனச்சேன். எத்தன வருஷம்தான் செத்தவளையே நெனச்சுக்கிட்டிருப்பாரு? பொண்ணு எப்படி, நல்ல குணமா?"

நீ மறு கல்யாணம் செய்துகொள்கிறாய் என்று நினைத்துவிட்டார்கள். சும்மா தலையாட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்தேன். ஆனால் அந்தம்மா விடவில்லை. "வயசானாலும் மாப்பிள்ளைக்கு என்ன, பாக்க லட்சணமா இருக்காரு. அவ குடுத்து வச்சவ" என்றார்கள். இல்லாத தங்கச்சியை நான் எப்படியோ பொறுத்துக்கொண்டேன். இல்லாத இன்னொருத்தி உன் அக்கா வீட்டில் உட்கார்ந்துகொண்டு உன் சட்டையை மடிக்கிறாள் என்பதை என்னால் ஒரு நிமிடம் பொறுக்க முடியவில்லை.

"பொண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. அவருக்கு என்மேல கோபம், அதான் போயிட்டாரு" என்றேன்.

"மச்சான் மாப்பிள்ளைக்குள்ள அப்படி என்ன கோபம்?"

"நாங்க மச்சான் மாப்பிள்ளை இல்ல. எனக்குக் கூடப் பொறந்த பொண்ணே கிடையாது."

அந்தம்மா தண்ணீர்க் குவளையைப் படியில் வைத்தார்கள். "அப்ப செத்தது யாரு?"

"யாரும் சாகல."

"அப்ப அவரு உங்களுக்கு யாரு?"

எனக்கு எத்தனையோ வார்த்தை தெரியும். நீ கொண்டுவந்த துண்டுச்சீட்டில் இருந்த வார்த்தைகளை எல்லாம் உனக்குத் தெரியாமல் அகராதியில் தேடிப் படித்து வைத்திருந்தேன். ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "எனக்குன்னு இருக்கிற ஆளும்மா. இருபத்தேழு வருஷமா" என்றேன்.

அந்தம்மா படியில் உட்கார்ந்துவிட்டார்கள். பெட்டி கனத்தது. கீழே வைக்கவும் தோன்றவில்லை. பிறகு, "அந்தப் பொண்ணுக்காக நான் அழுதிருக்கேன்" என்றார்கள். "என் மருமகன்கிட்ட உங்க மாப்பிள்ளையத்தான் சொல்லிக் காட்டுவேன். மேல இருக்கிறவரப் பாரு, பொண்டாட்டி போயி இத்தன வருஷமாச்சு, இன்னொரு பொண்ண ஏறெடுத்துப் பாத்திருக்காரான்னு."

"அது பொய் இல்லம்மா. அவரு எந்தப் பொண்ணையும் ஏறெடுத்துப் பாத்ததில்ல" என்றேன்.

கெட்டிக்காரத்தனமாகப் பேசுவதாக நினைத்து நான் அதைச் சொல்லவில்லை. உண்மை என்பதால் சொன்னேன். அந்தம்மா சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் பெட்டியை மறுபடியும் மாடிக்குத் தூக்கி வந்தேன். இரண்டு இடத்தில் சுவரில் இடித்துவிட்டது.

நாலு நாள் கழித்து அந்தம்மாவே மேலே வந்தார்கள். அடுத்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம். "பொய் சொன்னீங்களே, அதுக்குத்தான். வேற எதுக்கும் இல்ல" என்றார்கள். அது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தம்மாவுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். போகும்போது வாசலில் நின்று, "அவரு மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாரா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆக, நீ சொன்னபடி சொல்லியாகிவிட்டது, வீடும் போய்விட்டது. உனக்குச் சந்தோஷமா என்று கேட்கலாம் என்றிருந்தேன், கேட்கவில்லை. சில விஷயங்களை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடப் பேரணிக்கும் நான் வர மாட்டேன். அந்தக் கொட்டுச் சத்தம் எனக்கு ஆகாது. லேபில் யாரிடமும் சொல்லப் போவதில்லை. இன்னும் ஒரு வருடம் அங்கே தலையைக் குனிந்து வேலை பார்த்துவிட்டு நின்றுவிடுவேன். அந்த மருந்துக்கடைக்காரன் வீடு தேட உதவுகிறேன் என்று வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. பெரியவரே என்று கூப்பிட்டதற்காக அவனை மன்னித்தேன், மற்றதற்கு இல்லை.

பள்ளிக்கூட வேன் இந்த ஊரிலும் ஓடுகிறது. நீ வரும் ரயில் எது என்று எழுது.

வீடு பார்க்க வேண்டும். இந்தத் தடவை ஓர் அறை உள்ள வீடு போதும். பத்தொன்பது வருடமாக நீ எழுந்திருப்பதற்கு முன்னால் நான் எழுந்து, யாரும் படுக்காத அந்த இரண்டாவது கட்டிலின் விரிப்பைக் கசக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போயிருக்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது. இரண்டு பேருக்கு எதற்கு ஒரே அறை என்று போகிற இடமெல்லாம் கேட்பார்கள்.

நான் ஒரு தடவை சொல்லிவிட்டேன். அடுத்தது உன் முறை.

இப்படிக்கு,
உன் ஆள்